நான்காம் எண்

கல்ரொட்டியைக் காப்பியில் ஊறப் போட்டால் உள்ளே இருக்கும் புழுக்கள் மேலே மிதந்து வரும். லைமன் அவற்றைக் கரண்டி விளிம்பால் ஒதுக்கி, அடுப்புக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தான். எல்லாம் ஊரில் அவனுக்கு ஆகாதவர்களின் பெயர்கள்.

"இது யாரு?" என்று கேட்டான் ஓரின்.

"இதா? பள்ளிக்கூட வாத்தியார். எப்படி உருண்டையா இருக்கார் பாரு."

"பக்கத்துல?"

"அது நீதான் அண்ணே. நேத்து விட்ட குறட்டையில என் குதிரை ரெண்டு தடவை எழுந்து பார்த்துட்டு, இது எந்தப் பட்டாளம்னு கேட்டுச்சு."

காட்லீப் வாயிலிருந்த காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஊரில் பீப்பாய் செய்பவர். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. சிரித்தால் வயிறு வலித்தது, இருந்தாலும் சிரித்தார். எதிரே உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்த ஸ்ப்ராக் சிரிக்கவில்லை.

"ஆயாம்மாவுக்கு இன்னிக்கு வாய் நீளம்" என்றான் அவன். "பிள்ளைங்களுக்கெல்லாம் மூக்குத் தொடைச்சு விட்டாச்சா?"

பிள்ளைகள் என்றால் குதிரைகள். லைமன் ரொட்டியைக் கடித்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் சண்டையிட, அயோவாவில் ஒரே வட்டாரத்திலிருந்து சேர்ந்த தொண்டர்கள் அவர்கள். அவரவர் குதிரையோடு வந்து பேர் கொடுத்தவர்கள். பெயர்தான் குதிரைப்படை. உருவிய வாளோடு பாய்ந்து போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் குதிரையில் போய், சண்டை வந்த இடத்தில் இறங்கி, தரையில் நின்று சுட்டார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. வரிசை கூடியதும் வலது கோடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் சொல்லிக்கொண்டே வருவார்கள். பிறகு மறுபடி ஒன்று. இறங்கிச் சண்டையிட உத்தரவு வந்தால் ஒன்றும் இரண்டும் மூன்றும் துப்பாக்கியோடு முன்னால் ஓட வேண்டும். நான்காமவன் சேணத்தை விட்டு இறங்காமல் நான்கு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு, குண்டு எட்டாத மறைவுக்குப் போய்விட வேண்டும். எண் என்பது அன்றைக்கு எவன் எங்கே வந்து நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. இன்றைக்கு நான்காக இருப்பவன் நாளைக்கு ஒன்றாக இருப்பான்.

லைமன் மட்டும் எப்போதும் நான்கு. இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் வேறு எண் சொன்னதில்லை.

அது ஓரின் செய்த ஏற்பாடு. வீட்டிலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேராகக் கிளம்பினார்கள். நடு ஆள் ஏஸா, பயிற்சி முகாமிலேயே தட்டம்மை வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டான். பட்டாளத்துச் சேணத்தில் அவன் ஏறியதுகூட இல்லை. அதற்கு அப்பா எழுதிய கடிதம் இரண்டே வரி. ஏஸா விஷயத்தில் நான் யாரையும் குறை சொல்லவில்லை; நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள். அவ்வளவுதான். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து, வரிசை கூடும்போதெல்லாம் ஓரின் கண்ணாலேயே வலது கோடியிலிருந்து எண்ணிக்கொண்டு வருவான். லைமனுக்கு நான்கு விழாது போலத் தெரிந்தால் ஸ்ப்ராக்கின் தோளைத் தள்ளுவான், காட்லீப்பின் குதிரைக்கு முன்னால் தன் குதிரையை நுழைப்பான், தேவைப்பட்டால் யாரோ ஒருவனைப் பின்வரிசைக்கு அனுப்புவான். லெப்டினன்ட் டோலிவருக்கு இது தெரியும். அவர் ஊரில் மாவு மில் வைத்திருந்தவர். படையில் சேர்ந்த முதல் வாரம் இவர்கள்தான் கை தூக்கி அவரை அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏஸாவின் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் அவரும் ஒருவர். வரிசையில் இந்தத் தள்ளுமுள்ளு நடக்கும்போது அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

லைமன் அன்று காலை ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு ஓரினோடு குதிரைகள் கட்டியிருந்த கயிற்றுப் பக்கம் வந்தான்.

"அண்ணே, ஒரு தடவை."

"வேணாம்."

"இன்னும் நான் ஒண்ணும் சொல்லவே இல்லையே."

"சொல்ல வேணாம்."

"ஒரே ஒரு தடவை மூணா நிக்கிறேன். காட்லீப்புக்கு வயிறு வேற சரியில்ல. அவர் குதிரையைப் பிடிக்கட்டும்."

"அவருக்கு நாளைக்குச் சரியாயிடும்."

லைமன் தன் குதிரையின் வாரைத் தேவைக்கு மேல் இழுத்துக் கட்டினான். "லவீனா லெட்டர் போட்டிருக்கா. அவ தம்பியைப் பத்தி எட்டுப் பக்கம். எங்க நின்னான், எப்படிச் சுட்டான், தொப்பியில ஓட்டை. கடைசியில, நீங்க அங்க என்ன செய்யறீங்கன்னு ஒரு வரி. நான் என்ன எழுதட்டும்? ஈ ஓட்டறேன்னா?"

"ஈ ஓட்டறேன்னே எழுது. உயிரோட ஓட்டறேன்னு எழுது."

போர் முடிந்ததும் லைமன் லவீனாவைக் கட்டிக்கொள்வதாகப் பேச்சு. அவனுக்கு இருபத்திமூன்று வயது. "சரிண்ணே" என்றான்.

அவ்வளவுதான் பேசியது.

மிசிசிப்பியின் வட பகுதியில் அப்போது ஜூன் மாதம். ஒன்பது மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. சாலை ஒரு ஓடையைத் தாண்டி மேடேறும் இடத்தில் முன்னால் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மேட்டுக்கு அப்பால் மரவேலி போட்ட ஒரு வயல், வயலுக்கு அந்தப் பக்கம் பருத்தி அரைக்கும் கொட்டகை. தெற்கத்திக் கலகக்காரர்கள் கொட்டகைக்குள்ளும் அதன் பின்னாலிருந்த மரங்களிலும் இருந்தார்கள். எக்காளம் ஊதியது. இறங்கிச் சண்டையிட வேண்டும்.

ஸ்ப்ராக் ஒன்று, ஓரின் இரண்டு, காட்லீப் மூன்று, லைமன் நான்கு. மூன்று பேரும் குதித்து இறங்கிக் கடிவாளங்களைக் கோத்துக் கொடுத்தார்கள். காட்லீப் கொடுத்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்கு ஓடினார்.

"யோவ், சண்டை இந்தப் பக்கம்!" என்று ஸ்ப்ராக் கத்தினான்.

"அவசரம் அந்தப் பக்கம்யா!" என்று புதரிலிருந்து குரல் வந்தது.

ஓரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் மேட்டில் ஓடினான். திரும்பிப் பார்த்தபோது லைமன் நான்கு குதிரைகளோடு சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தான். அது போதும். அதற்குப் பிறகு அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலிக்குப் பின்னால் படுத்துச் சுட்டார்கள். புகை எழும்பி எழும்பி அங்கேயே தங்கியது, காற்றே இல்லை. எதிரே கொட்டகையின் பலகை இடுக்குகளில் பளிச் பளிச்சென்று தெரிந்த இடத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஓரினுக்குச் சண்டையில் பயம் இருந்தது. ஆனால் அது தன்னைப் பற்றிய பயம் மட்டும்தான், அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. வரிசையில் யாராவது விழுந்தால் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய முகம் வரிசையில் இல்லை. அது பின்னால் மறைவில், குதிரைகளோடு இருந்தது. மற்றவர்களின் பெயர்களைச் சாயங்காலம் யாராவது சொல்வார்கள். அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

பாதிச் சண்டையில் இடது பக்கம், காட்டு பிளம் செடி ஒன்று வேலியோடு வளர்ந்திருந்த இடத்தில், ஒருவன் எழுந்து சுட்டான், சுட்டுவிட்டு உட்காராமல் நின்றான், பிறகு விழுந்தான்.

"யாரு அது?" என்று கேட்டான் ஓரின்.

"அடுத்த நாலு பேர்ல எவனோ" என்றான் ஸ்ப்ராக். "புதுசு போல. இப்படியா நிப்பான், ஜன்னல்ல நிக்கிற மாதிரி?"

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓரினின் தோட்டாப் பெட்டியில் விரல் அடித்தகடைத் தொட்டது. ஸ்ப்ராக்கிடம் கை நீட்டினான்.

"என்கிட்டயே ஆறுதான் இருக்கு. அந்தா விழுந்து கிடக்கிறான் பாரு, அவன்கிட்ட எடுத்துக்க. அவனுக்கு இனிமே எதுக்கு?"

ஓரின் வேலியோரமாகத் தவழ்ந்து போனான். அந்த ஆள் குப்புறக் கிடந்தான். தொப்பி பிடரியில் கவிழ்ந்திருந்தது. நீலச் சட்டை முதுகில் வியர்வை. தோட்டாப் பெட்டி வயிற்றுக்கு அடியில் மாட்டியிருந்தது. ஓரின் பெல்ட்டைப் பிடித்து இழுத்துத் திருப்பிப் பெட்டியை இடுப்புக்கு மேலே கொண்டுவந்தான். மூடியைத் திறந்து கைநிறைய அள்ளினான், மறுபடியும் அள்ளினான். உடம்பு சூடாக இருந்தது. வெயிலும் சூடாகத்தான் இருந்தது. புகை கண்ணை எரித்தது. பெட்டி மூடியை மூடாமல் திரும்பித் தவழ்ந்து வந்தான்.

பத்தொன்பது தோட்டாக்கள். அதில் எட்டைச் சுட்டான். எட்டாவதற்குப் பிறகு கொட்டகையிலிருந்து பதில் வரவில்லை. கலகக்காரர்கள் மரங்களுக்குள் போய்விட்டார்கள்.

ஓரினும் ஸ்ப்ராக்கும் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். இருவர் முகமும் கரி படிந்து கறுப்பாக இருந்தது.

"உன் மூஞ்சியை இப்படியே உன் பொண்டாட்டிக்கு அனுப்பி வைக்கலாம்" என்றான் ஓரின்.

"எனக்குப் பொண்டாட்டி இல்ல."

"அதனாலதான் சொல்றேன்."

ஸ்ப்ராக் அவன் முதுகில் குத்தினான். ஓரினுக்கு உடம்பு லேசாக இருந்தது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இந்தச் சரிவில் இறங்கி வரும் நேரம் அவனுக்குப் பிடித்த நேரம். ஓடையின் கரையில் மரங்களுக்கு அடியில் குதிரைகள் நின்றன. தங்கள் நான்கையும் கண்டுபிடித்தான். சேணத்தில் காட்லீப் உட்கார்ந்திருந்தார்.

லைமனின் குதிரைமேல் காட்லீப்.

ஓரின் அருகில் போய் நின்றான். காட்லீப் அவனுடைய கடிவாளத்தை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"எங்க அவன்?"

"யாரு?"

"லைமன்."

"உங்ககூடத்தானே வந்தான்" என்றார் காட்லீப். "நான் எழுந்து வந்தேன், நிக்க முடியல. நீங்க பிடிச்சுக்கோங்க, நான் போறேன்னான். என் துப்பாக்கியை அவனே எடுத்துக்கிட்டான். அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்னானே, தம்பி. சொல்லலையா?"

ஓரின் திரும்பி மேட்டில் ஏறினான். ஓடவில்லை. ஓடினால் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவான் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

பிளம் செடிக்கு அருகே அந்த ஆள் அப்படியே கிடந்தான். பெல்ட் முறுக்கியபடி, பெட்டி இடுப்பின் மேல், மூடி திறந்தபடி. ஓரினின் கை விட்ட விதமாகவே இருந்தது. அதனால் தான் தோட்டா எடுத்தது வேறு ஒருவனிடம் என்று நினைக்க வழியில்லாமல் போயிற்று. தொப்பியை எடுத்தான். புரட்டினான். குண்டு காறை எலும்புக்குக் கீழே பாய்ந்திருந்தது. வாயில் புல் இருந்தது, கொஞ்சம் மென்றது போல. ஓரின் விரலால் அதை எடுத்தான். பிறகு பெல்ட்டை நேராக்கினான். பெட்டியின் மூடியை மூடினான்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று தெரியாது. டோலிவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஓரின், நாம கிளம்பணும். அரை மணி நேரம் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"சரிங்க."

"அப்பாவுக்கு நானே எழுதறேன். வேதனையில்லாம உடனே போயிட்டான்னு எழுதிடலாம்."

"அது தெரியாதுங்க."

"எது?"

"உடனேதானான்னு. நான் தோட்டா எடுக்கும்போது உயிர் இருந்துச்சான்னு தெரியாது. முகத்தைப் பார்க்கல."

டோலிவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "உடனேன்னே எழுதறேன்" என்றார்.

ஸ்ப்ராக் மண்வெட்டி கொண்டுவந்தான். வேலிக்கு உள்ளே, உழுத மண்ணில் தோண்டினார்கள். உழுத மண் என்பதால் சீக்கிரம் முடிந்தது. எவ்வளவு நீளம் என்று ஸ்ப்ராக் கேட்டான். என்னைவிட ஒரு சாண் குறைவு என்றான் ஓரின். கம்பளியில் சுற்றி இறக்கினார்கள். காட்லீப் தன் ஜெர்மன் மொழியில் ஒரு ஜெபம் சொன்னார். நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினார். வேலிக் கழி ஒன்றில் ஸ்ப்ராக் கத்தியால் பெயரைச் செதுக்கினான். குடும்பப் பெயரான பர்டிக் என்பதில் கடைசி எழுத்து முடியுமுன் எக்காளம் ஊதிவிட்டது.

காட்லீப்பின் வயிறு மறுநாளே சரியாகிவிட்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது தெரிந்தது. ஓரினும் சாப்பிட்டான். குதிரைக்குத் தண்ணீர் காட்டினான், துப்பாக்கியைத் துடைத்தான், காவலுக்கு நின்றான். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொன்னான். லைமனின் குதிரை, குதிரையை இழந்த வேறொருவனுக்குப் போயிற்று. மீதியிருந்த பதினொரு தோட்டாக்களைத் தன் பெட்டியிலிருந்து தனியே எடுத்து வைக்க நினைத்தான். அதற்குள் புதுத் தோட்டாக்கள் கொடுத்துவிட்டார்கள், எல்லாம் ஒன்றாகக் கலந்துபோய்விட்டன. எல்லாம் ஒரே மாதிரி காகிதம், ஒரே மாதிரி நூல்கட்டு.

லவீனாவுக்கு எழுத உட்கார்ந்தான். அவன் வரிசையில் நின்று சுட்டான் என்று எழுதினான். எழுந்து நின்று சுட்டான் என்று எழுதினான். நான் பார்த்தேன் என்று எழுதினான். மூன்றும் உண்மை. அதற்கு மேல் எழுத வரவில்லை, அதையே அனுப்பினான்.

ஆறாம் நாள் ஒரு பாலத்துக்கு முன்னால் மறுபடியும் துப்பாக்கிச் சூடு நடந்தது. வரிசை கூடியது. ஓரின் இப்போது எண்ணவில்லை, எண்ண ஒன்றுமில்லை. கால் போன இடத்தில் குதிரையை நிறுத்தினான். அப்போது ஸ்ப்ராக் தன் குதிரையை வலது பக்கம் ஒரு அடி நகர்த்தினான். காட்லீப் அவனைப் பார்த்துவிட்டு இடையில் நுழைந்தார். லைமனின் குதிரையில் இருந்தவனை ஸ்ப்ராக் முழங்காலால் தள்ளிக் காட்லீப்புக்கு அந்தப் பக்கம் சேர்த்தான்.

"என்னய்யா இது, கோழிக்கூடா?" என்று அந்தப் புதியவன் முனகினான்.

"வாயை மூடிக்கிட்டு நில்லு."

முன்னால் குதிரையில் இருந்த டோலிவர் அந்தச் சமயம் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்கள் வலது கோடியிலிருந்து வந்தன. ஒன்று என்றான் ஸ்ப்ராக். இரண்டு என்றார் காட்லீப். மூன்று என்றான் புதியவன். ஓரினுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தத் தள்ளுமுள்ளைக் கண்டுபிடித்தவனே அவன்தான். அவர்கள் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்லீப்பின் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

"மாத்திக்கலாம்" என்றான் ஓரின். "நான் போறேன்."

"எண்ணைச் சொல்லு" என்றான் ஸ்ப்ராக், முன்னாலேயே பார்த்தபடி.

"ஸ்ப்ராக்."

"உங்கப்பனுக்கு ஒருத்தனாவது வேணும்டா. சொல்லித் தொலை."

"நான்கு" என்றான் ஓரின்.

அவர்கள் இறங்கிக் கடிவாளங்களைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். ஓரின் நான்கு குதிரைகளையும் சரிவுக்குப் பின்னால் கொண்டுபோனான். அந்தப் பக்கம் மற்ற நான்காமவர்களும் இருந்தார்கள், ஏழெட்டுப் பேர். இரண்டு வருடமாகச் சண்டையில் இருந்தும் இந்த இடத்துக்கு அவன் வந்ததில்லை.

இங்கிருந்து எதுவும் தெரியவில்லை. சரிவு, புல், மேலே எழும்பும் புகை. வரிசை தெரியாது, ஆட்கள் தெரியாது. யார் விழுந்தது, யார் எழுந்தது, ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் வந்தது. சத்தம் அடர்ந்தால் மற்ற நான்காமவர்கள் மேட்டைப் பார்த்தார்கள், குறைந்தால் கடிவாளத்தைப் பார்த்தார்கள். ஒருவன் உதட்டை அசைத்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான்.

ஓரின் மேட்டு விளிம்பையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு சண்டையிலும் லைமன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் இறங்கி வருகிறானா என்று இந்த விளிம்பைப் பார்த்திருக்கிறான். இருபது, முப்பது தடவை இருக்கும். அதை அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. ஈயைப் பற்றித்தான் சொன்னான்.

கண் எரிந்தது. புகை இங்கே வரவில்லை.

வெகுநேரம் கழித்து விளிம்பில் ஒரு தொப்பி தெரிந்தது. பிறகு இன்னொன்று. யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. பாலத்துப் பக்கம் மறுபடி வெடிச்சத்தம் கேட்டது. சரிவில் நின்ற குதிரைகள், எல்லாச் சண்டையிலும் எல்லாக் குதிரைகளும் செய்வது போல, சத்தத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றன.